மலாவி வெள்ள வரைபடம்: மாவட்ட மக்கள்தொகை குறைவாகவும் பாதிப்பு எண்ணிக்கை மிகையாகவும் வருவது ஏன்?

ஷிரேக்கரை (கேள்வி)

வணக்கம். மலாவியில் பேரிடர் முன்னேற்பாட்டுத் திட்டம் ஒன்றில் புவிசார் தரவுப் பணியைக் கவனித்து வருகிறேன். 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் மொசாம்பிக்கின் கெலிமானே அருகே இரண்டாம் முறையாகக் கரை கடந்து, தெற்கு மலாவியில் பெருமழையைக் கொட்டியது. அப்போது கீழ் ஷிரே பள்ளத்தாக்கில் எத்தனை பேரின் குடியிருப்புகள் வெள்ளத்துக்குள் வந்தன என்பதை, மாவட்டத்துக்கு அடுத்த நிலையான மரபுத் தலைவர் பகுதி வாரியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். தார்ப்பாய், குளோரின் மாத்திரை, படகு ஆகியவற்றை அடுத்த மழைக்காலத்துக்கு எங்கே இருப்பு வைப்பது என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் முடிவு செய்யவிருக்கிறார்கள்.

இதுவரை செய்தது இது. கூகுள் எர்த் எஞ்சினில் சென்டினல்-1 ரேடார் படங்களை எடுத்து, 2022 செப்டம்பர் படத்தை முந்தைய நிலையாகவும் 2023 மார்ச் படத்தைப் பிந்தைய நிலையாகவும் வைத்து ஒப்பிட்டு, 10 மீட்டர் அளவில் வெள்ளப் பரப்பைப் பிரித்தெடுத்தேன். மக்கள்தொகைக்கு வேர்ல்ட்பாப் 2020 ராஸ்டர் (ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் என்ற மதிப்பீட்டைத் தரும் கட்டத் தரவு), 100 மீட்டர் வகை, கட்டுப்பாடற்ற பதிப்பு. அது பாகை அளவில் இருந்ததால் கியூஜிஐஎஸ் வரைபட மென்பொருளில், மீட்டரில் அளக்கும் யுடிஎம் 36 தெற்கு மண்டலத்துக்கு மாற்றி, சரியாக 100 மீட்டர் கட்டங்களாக்கினேன். ரீசாம்பிளிங் (புதிய கட்டங்களுக்கு மதிப்பைக் கணக்கிடும்) முறை பைலீனியர். வெள்ளப் படத்தில் தண்ணீர் மட்டும் தெரிய வேண்டும் என்பதற்காக 0 மதிப்பை நோடேட்டாவாக (தரவு இல்லை என்று) அறிவித்துவிட்டு, அதைச் சராசரி முறையில் 100 மீட்டருக்கு மாற்றி, மக்கள்தொகையோடு பெருக்கி, எல்லை வாரியாகக் கூட்டும் சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கருவி கொண்டு கூட்டினேன்.

இரண்டு சிக்கல்கள் ஒன்றுக்கொன்று முரணாக நிற்கின்றன. வெள்ளத்தைச் சேர்க்காமல் மக்கள்தொகையை மட்டும் கூட்டினாலே சிக்வாவா, என்சாஞ்சே மாவட்டங்களின் மொத்தம் மூல ராஸ்டரின் மொத்தத்தை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாக வருகிறது. அப்படியிருந்தும், வெள்ளத்தில் சிக்கியவர்களின் எண்ணிக்கையோ களப்பணியாளர்கள் நம்ப மறுக்கும் அளவுக்கு அதிகமாக இருக்கிறது. ஆற்றையொட்டிய சில பகுதிகளில் பாதிக்கு மேற்பட்ட மக்கள் தண்ணீரில் இருந்ததாகக் காட்டுகிறது. எங்கே பார்ப்பது?

கட்டவலை

உங்கள் விவரிப்பிலேயே இரண்டு சிக்கல்களுக்கும் விடை இருக்கிறது. முதலில் குறைவு.

வேர்ல்ட்பாப் ராஸ்டரை 100 மீட்டர் என்று சொல்வது பேச்சு வழக்குதான். அதன் உண்மையான அளவு 3 பாகை வினாடி, அதாவது ஒரு பாகையில் 1,200-இல் ஒரு பங்கு. கீழ் ஷிரே இருக்கும் 16 பாகை தென் அட்சத்தில் அது வடக்கு தெற்காக ஏறத்தாழ 92 மீட்டர், கிழக்கு மேற்காக ஏறத்தாழ 89 மீட்டர். பரப்பு சுமார் 8,200 சதுர மீட்டர். நீங்கள் அதை 10,000 சதுர மீட்டர் கட்டங்களாக மாற்றும்போது கட்டங்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆனால் பைலீனியர் முறை அருகிலுள்ள மதிப்புகளுக்கு இடைப்பட்ட ஒரு மதிப்பைத்தான் புதிய கட்டத்துக்குத் தருகிறது. பரப்பு கூடியதற்கு ஏற்ப ஆட்களைக் கூட்டுவதில்லை. எனவே மொத்தம் 18 சதவீதம் அளவுக்குச் சரியும். உங்கள் 'ஐந்தில் ஒரு பங்கு' இதுதான். வெப்பநிலை, உயரம் போன்ற தொடர் மதிப்புகளுக்குப் பைலீனியர் பொருந்தும். ஒவ்வொரு கட்டத்திலும் தலைக்கணக்கு இருக்கும் ராஸ்டருக்கு அது பொருந்தாது. ராஸ்டர்களைக் கையாளும் ஜிடால் நிரலின் 3.1 பதிப்பிலிருந்து, வார்ப் (உருமாற்று) கட்டளையில் 'சம்' என்ற முறை இருக்கிறது, அது மொத்தத்தைக் காக்கும். இருந்தாலும் மக்கள்தொகையை நகர்த்தவே வேண்டாம் என்பதுதான் என் அறிவுரை. வெள்ளப் படத்தை மக்கள்தொகைக் கட்டங்களின் மேல் கொண்டுவந்து பொருத்துங்கள். அதே ஆள்கூற்று முறை, அதே எல்லை, அதே கட்ட அளவு.

இனி மிகை. நோடேட்டா என்று அறிவிக்கப்பட்ட பிக்சல்களைச் சராசரி முறை கணக்கிலேயே எடுத்துக்கொள்வதில்லை. ஒரு 100 மீட்டர் கட்டத்துக்குள் நூறு 10 மீட்டர் பிக்சல்கள் இருக்கின்றன. அவற்றில் மூன்று மட்டும் நனைந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உலர்ந்த 97 பிக்சல்களும் 0 ஆக இருந்தால் சராசரி 0.03, அந்தக் கட்டத்தில் 60 பேர் வசித்தால் உங்கள் கணக்கில் ஏறத்தாழ இரண்டு பேர் சேர்வார்கள். அந்த 97 பிக்சல்களும் நோடேட்டாவாக இருந்தால் மிஞ்சுவது மூன்று பிக்சல்கள், மூன்றும் 1, சராசரியும் 1. அறுபது பேரும் வெள்ளத்தில் சேர்க்கப்பட்டுவிடுவார்கள். ஓடைக்கரைகளிலும் வெள்ளத்தின் விளிம்பிலும் இருக்கும் ஒவ்வொரு கட்டத்திலும் இதே கதைதான். உலர்ந்த நிலத்துக்கு 0 கொடுங்கள். படம் கிடைக்காத இடங்களுக்கு மட்டும் நோடேட்டாவை வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் மட்டும் தெரிய வேண்டுமானால் அதைப் படத்தின் நிற அமைப்பில் செய்துகொள்ளலாம், தரவில் கை வைக்க வேண்டியதில்லை.

நீள்கோடு

மேலே சொன்னதோடு ஒரு சிறு குறிப்பு. கியூஜிஐஎஸ்ஸின் சோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒரு பிக்சலின் மையப் புள்ளி எல்லைக்குள் இருந்தால் முழுப் பிக்சலையும் சேர்க்கும், இல்லாவிட்டால் முழுவதையும் விட்டுவிடும். பெரிய மாவட்டங்களுக்கு இது பொருட்டே இல்லை. ஆற்றை எல்லையாகக் கொண்ட ஒடுங்கிய பகுதிகளுக்கு எக்ஸாக்ட்எக்ஸ்ட்ராக்ட் கருவியைப் பயன்படுத்துங்கள். பிக்சலின் எத்தனை பங்கு எல்லைக்குள் இருக்கிறதோ அத்தனை பங்கை மட்டும் அது எடுத்துக்கொள்ளும்.

ஷிரேக்கரை

மிக்க நன்றி. இரண்டையும் திருத்தினேன். மூல ராஸ்டரின் மாவட்ட மொத்தம் இப்போது அப்படியே வருகிறது. வெள்ளத்தில் சிக்கியோர் எண்ணிக்கையும் வெகுவாக இறங்கிவிட்டது. ஆனாலும் எலிஃபன்ட் மார்ஷ் சதுப்பை ஒட்டிய பகுதிகளில் மட்டும் இன்னும் உயர்ந்தே நிற்கிறது. அங்கே சதுப்பின் நடுவிலேயே கட்டத்துக்கு ஓரிருவர் வீதம் ஆட்கள் இருப்பதாக ராஸ்டர் காட்டுகிறது.

களநிலவரம்

ஷிரே ஆறு மலாவி ஏரியிலிருந்து கிளம்பி சாம்பேசியில் கலக்கும் வழியில் விரிந்து கிடக்கும் சதுப்பு அது. 2017-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. வெள்ளம் இல்லாத ஆண்டிலும் அங்கே தண்ணீர் இருக்கும். உங்கள் கணக்கு அங்கே தடுமாறுவதற்கு மூன்று தனித்தனிக் காரணங்கள் இருக்கலாம். மூன்றும் ஒரே நேரத்தில் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

நீங்கள் எடுத்திருப்பது கட்டுப்பாடற்ற பதிப்பு. அது கணக்கெடுப்பு எண்ணைப் பல்வேறு நிலத் தரவுகளின் துணையோடு நிலப்பரப்பு முழுவதும் பகிர்ந்தளிக்கிறது. எந்தக் கட்டத்தையும் முற்றிலும் வெறுமையாக விடுவதில்லை. சதுப்பின் நடுவே தெரியும் அந்த ஓரிரு ஆட்கள் இப்படி வந்தவர்களே. கட்டத்துக்கு ஒருவர் என்றால் சிறிதாகத் தோன்றும். பல்லாயிரம் கட்டங்களும் தண்ணீரில் இருக்கும்போது அது ஒரு சிற்றூரின் மக்கள்தொகையை எட்டிவிடும். கட்டடங்கள் கண்டறியப்பட்ட கட்டங்களில் மட்டும் மக்களை வைக்கும் கட்டுப்படுத்தப்பட்ட பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது உங்கள் ஒப்பீட்டுப் படம். மலாவியில் மழைக்காலம் நவம்பரில் தொடங்கி ஏப்ரலில் முடிகிறது. செப்டம்பர் என்பது வறட்சியின் உச்சம். அந்தப் படத்தோடு மார்ச்சை ஒப்பிட்டால், எந்த மார்ச் மாதத்திலும் சதுப்பில் நிற்கும் இயல்பான தண்ணீரும் ஃப்ரெடியின் கணக்கில் ஏறிவிடும். ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் வெளியிடும் உலக மேற்பரப்பு நீர்த் தரவைக் கொண்டு, ஆண்டில் 10 மாதங்களுக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடங்களை நீக்குவது பரவலான வழக்கம். ஆனால் ஐந்தாறு மாதம் நனைந்து மற்ற மாதங்களில் காயும் இடங்கள் அந்த வடிகட்டியில் சிக்குவதில்லை. இந்தச் சதுப்பில் பெரும் பகுதி அத்தகையதுதான். ஆகவே 2023 பிப்ரவரித் தொடக்கத்துப் படத்தையோ, பெருவெள்ளம் இல்லாத வேறோர் ஆண்டின் மார்ச் படத்தையோ முந்தைய நிலையாக வையுங்கள். இரண்டு படங்களும் ஒரே சுற்றுப்பாதை எண்ணைச் சேர்ந்தவையாக இருக்கட்டும். பார்வைக் கோணம் மாறினால் மலைச்சரிவுகளின் நிழல் கூட வெள்ளம் போல் தெரியும்.

மூன்றாவது காரணம் எதிர்த்திசையில் வேலை செய்கிறது. கோரையும் நாணலும் அடர்ந்த இடத்தில் வெள்ளம் புகுந்தால், ரேடார் அலை நீரில் பட்டுத் தண்டில் மோதித் திரும்புவதால் திறந்த நீரைப் போலப் படம் கருமையாவதற்குப் பதிலாக வெளுக்கும். அங்கே தண்ணீர் இருந்தும் உங்கள் வரைபடத்தில் இருக்காது. ஆகவே சதுப்புக்குள் ஒரு பக்கம் மிகையும் ஒரு பக்கம் குறைவும் இருக்கின்றன. இரண்டும் சரியாக ஈடுகட்டிக்கொள்ளும் என்று நம்பிவிடக் கூடாது.

இதற்கு மேல் கள அறிவுதான் துணை. தண்ணீர் வடிந்ததும் ஈரம் காயாத மண்ணில் திம்பா எனப்படும் தோட்டம் போடுவதற்காகச் சதுப்பின் ஓரங்களில் குடிசை கட்டித் தங்குபவர்கள் இருக்கிறார்கள். கட்டுப்படுத்தப்பட்ட பதிப்பு அவர்களில் பலரைத் தவறவிடும், ஏனென்றால் அந்தக் குடிசைகள் செயற்கைக்கோள் படத்தில் கட்டடமாகப் பதிவாவதே அரிது. உங்கள் களப்பணியாளர்கள் எண்ணை நம்ப மறுக்கிறார்கள் என்றால், எந்தத் தலைவர் பகுதியில், எந்தத் திசையில் நம்ப மறுக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதை விடச் சிறந்த சரிபார்ப்பு உங்களுக்குக் கிடைக்காது.

நீள்கோடு

கட்டவலை சொன்ன விகித முறையில் ஒரு முரண்பாடு எனக்கு உண்டு. ஒரு கட்டத்தில் 3 சதவீதம் நனைந்தால் 3 சதவீத மக்கள் நனைந்தார்கள் என்று கொள்வது, மக்கள் கட்டம் முழுவதும் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்ற ஊகம். ஓடையின் நடுவில் யாரும் வீடு கட்டுவதில்லை. கூகுளின் ஓப்பன் பில்டிங்ஸ் தரவு மலாவி முழுவதற்கும் கிடைக்கிறது. கட்டத்தின் மக்களை அதிலுள்ள கட்டடங்களுக்குப் பகிர்ந்து, நனைந்த கட்டடங்களை மட்டும் எண்ணுவது இன்னும் நேர்மையான கணக்கு.

கட்டவலை

ஒப்புக்கொள்கிறேன், நகர்ப்புறத்துக்கு அதுவே சரி. கூரை வேய்ந்த சிறு மண் வீடுகள் நிறைந்த கீழ் ஷிரேயில் கட்டடம்தானா என்பதற்கு அந்தத் தரவு தரும் நம்பக மதிப்பெண்ணை எங்கே வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து ஊர்களே காணாமல் போகும் என்பதால் தயங்குகிறேன். இரண்டு முறையிலும் ஓட்டிப் பார்த்து, இரண்டு விடைகளையும் கீழ் எல்லை, மேல் எல்லை என்று கொடுக்கலாம்.

ஷிரேக்கரை

கட்டுப்படுத்தப்பட்ட பதிப்பையும் பிப்ரவரிப் படத்தையும் பயன்படுத்தியதில் சதுப்பையொட்டிய பகுதிகள் நம்பும்படியான நிலைக்கு வந்துவிட்டன. இன்னும் ஒன்று உறுத்துகிறது. பிளான்டையர் நகரில் என் கணக்கு கிட்டத்தட்ட வெறுமையாக இருக்கிறது, ஆனால் உயிரிழப்பில் பெரும் பகுதி அங்கேதான். மேலும் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் இடம்பெயர்ந்ததாக அரசுக் கணக்கு சொல்கிறது. என் மொத்தம் அதன் அருகில் கூட வரவில்லை. இந்த நிலையில் அட்டவணையை எப்படிக் கொடுப்பது?

களநிலவரம்

அருகில் வரத் தேவையில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகள். பிளான்டையரில் மக்களைக் கொன்றது தேங்கி நின்ற வெள்ளம் அல்ல. சோச்சே மலையடியிலும் சிலோப்வேயிலும் மலைச்சரிவு இடிந்து சேறும் பாறையும் வீடுகளின் மேல் வந்து விழுந்தன. ரேடார் வெள்ள வரைபடத்தில் அது தெரியாது. இடம்பெயர்ந்தோரிலும் பலரின் வீடுகளில் ஆற்றுநீர் புகவே இல்லை. சுடாத செங்கல் சுவர்கள் நாள் கணக்கில் மழையில் ஊறிச் சரிந்தன.

செயற்கைக்கோளின் வருகையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். சென்டினல்-1பி 2021 டிசம்பரிலேயே பழுதாகிவிட்டது. 1சி 2024 டிசம்பரில்தான் ஏவப்பட்டது. ஆகவே 2023 மார்ச்சில் வானில் இருந்தது 1ஏ மட்டும்; ஒரே பாதையில் அது திரும்பி வர 12 நாள் ஆகும். மழை மார்ச் 12-க்கும் 14-க்கும் இடையே கொட்டித் தீர்த்தது. ரூவோ போன்ற மலையிலிருந்து விரைந்து இறங்கும் ஆறுகளில் தண்ணீர் ஏறியதும் வடிந்ததும் இரண்டு படங்களுக்கு நடுவில் முடிந்திருக்கலாம். ஷிரேயின் சமவெளியில் வெகுநாள் நின்றிருக்கும்.

எனவே அட்டவணையின் தலைப்பில் 'பாதிக்கப்பட்டோர்' என்று எழுதாதீர்கள். 'இந்தத் தேதியில் எடுத்த படத்தில் தெரிந்த வெள்ளப் பரப்பில் வசிப்போர் (மதிப்பீடு)' என்று, படத்தின் தேதியோடு எழுதுங்கள். பிளான்டையரின் வரிசையில் 0 போடாமல் 'இந்த முறைக்கு உட்படாது' என்று குறிப்பிடுங்கள். இருப்புத் திட்டம் போடுபவர் 0-ஐப் பார்த்தால் அங்கே தேவையே இல்லை என்று எடுத்துக்கொள்வார். அந்த நகரத்துக்குச் சரிவையும் கட்டட நெருக்கத்தையும் வைத்துத் தனியாக நிலச்சரிவு வரைபடம் செய்ய வேண்டும். எண்களை ஆயிரத்துக்கு முழுமையாக்குங்கள். கடைசி இலக்கம் வரை கொடுத்தால் அதை யாரோ வீடு வீடாக எண்ணியதாக நினைப்பார்கள்.

கட்டவலை

அட்டவணையை வரைபடத்தோடு இணைக்கும் முன் இரண்டு வேலைகள். வேர்ல்ட்பாப் 2020 மதிப்பீடு எந்தக் கணக்கெடுப்பின் மேல் கட்டப்பட்டது என்பதைத் தரவின் குறிப்பில் பாருங்கள். 2018 கணக்கெடுப்பு நாட்டின் மக்கள்தொகையை 1,75,63,749 என்று தந்தது. தேசியப் புள்ளிவிவர அலுவலகத்தின் 2023 மாவட்டக் கணிப்போடு ஒப்பிட்டு, மாவட்டத்துக்கு ஒரு பெருக்கெண் வைத்துச் சரிசெய்யுங்கள். பெருக்கெண் 1-லிருந்து வெகுதூரம் விலகும் மாவட்டங்களைப் பட்டியலிட்டு, எல்லைக் கோப்பில் பிழை இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, அட்டவணையை எல்லைக் கோப்போடு தலைவர் பகுதியின் பெயரைக் கொண்டு இணைக்காதீர்கள். பி-கோடைக் (ஒவ்வொரு நிர்வாகப் பகுதிக்கும் உரிய தனிக் குறியீட்டை) கொண்டு இணையுங்கள். மலேமியா என்ற பெயரில் என்சாஞ்சேயில் ஒரு பகுதி இருக்கிறது, சோம்பாவிலும் ஒன்று இருக்கிறது. பெயரால் இணைத்தால் கீழ் ஷிரேயின் வெள்ளம் சோம்பா மேட்டுநிலத்தின் அடியிலும் போய் உட்கார்ந்துவிடும்.