மணல் கால், புல் கண்: ராமநாதபுரம் கடற்கரையிலிருந்து மிட்ஃபீல்டர் ஆக என்னென்ன வேண்டும்?

கால்பந்தில் நடுவில் நின்று ஆடும் மிட்ஃபீல்டரைப் பற்றி நாலு ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சொல்கிறார்கள். யார் பேசுகிறார் என்பதை மேலே உள்ள ஊர்ப் பெயர் சொல்லும்.

தங்கச்சிமடம்

இந்தக் கரைப் பையன்களுக்குக் காலில் குறை கிடையாது. மணலில் பந்து உருளாது, எழும்பாது, வந்த இடத்தில் புதையும். அதைத் தோண்டி எடுத்து ஆடிப் பழகியவனுக்கு கன்ட்ரோல் தானாக வரும். ஆனால் ட்ரையல்ஸில், அதாவது அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில், நடு இடத்துக்கு நிற்கும் பையன்கள்தான் அதிகம் கழிகிறார்கள். காரணம் கண். மணலில் பந்தை விட்டுக் கண்ணை எடுத்தால் பந்து போய்விடும் என்பதால், தலை குனிந்தே ஆட்டம் பழகிவிடுகிறது. ஓரத்தில் ஆடும் விங்கருக்கு முதுகுப் பக்கம் கோடு இருக்கிறது, அவன் பிழைத்துக்கொள்வான். நடுவில் நிற்பவனுக்கு நாலு பக்கமும் ஆள்.

பந்து வருவதற்கு முன் குறைந்தது இரண்டு தடவை தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும். நம் ஆள் பந்தைத் தொடுவதற்குச் சற்று முன் ஒன்று, அவன் பாஸ் விட்ட பிறகு பந்து பாதி வழியில் வரும்போது இன்னொன்று. நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல வருடமாக இதைத்தான் ஆராய்கிறார். ஸ்பெயின் மிட்ஃபீல்டர் ஷாவியின் பழைய ஆட்டங்களைப் பாருங்கள், பந்தை விடுத்து அவர் கழுத்தை மட்டும் பாருங்கள். 1998இல் பார்சிலோனா முதல் அணிக்கு வந்தவர், 2015இல் 35 வயதில் கிளம்பும்வரை 767 ஆட்டம். வேகத்தை நம்பி ஆடியவர் இல்லை அவர்.

பயிற்சி: 10 மீட்டருக்கு 10 மீட்டர் சதுரம், வெளியே நாலு பேர், உள்ளே இரண்டு பேர், இரண்டு டச் மட்டும். பந்து வாங்குபவனுக்குப் பின்னால் ஒருவர் நின்று விரலைக் காட்ட வேண்டும். பந்து காலுக்கு வருமுன் அவன் எண்ணைச் சொல்லியாக வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் கணக்கில்லை. பெரும்பாலான பையன்கள் எண்ணைச் சரியாகச் சொல்லிவிட்டு, இரண்டு பாதமும் பாஸ் வரும் திசைக்கு நேராக வைத்து வாங்குவார்கள். அப்படி வாங்கினால் திரும்பிக் கொடுக்கத்தான் முடியும். இடுப்பைப் பாதி திறந்து நின்று, பந்துக்குத் தள்ளி இருக்கும் காலால் வாங்க வேண்டும். இதை மணலில் செய்யாதீர்கள், பயனில்லை. கெட்டித் தரை வேண்டும்.

கெட்டித் தரை என்றால் சீமைக் கருவேல முள்ளும் சேர்ந்தே வரும். முள் பந்துக்குள் ஏறி முனை ஒடிந்து உள்ளேயே தங்கும், வெளியே தெரியாது. ராத்திரி வைத்த பந்து காலையில் தொய்ந்திருந்தால் வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். முள்ளைக் குறட்டால் எடுத்த பிறகே ஒட்டுப் போட வேண்டும். எடுக்காமல் ஒட்டினால் அதே முள் மறுநாள் பிளாடரின் (காற்றடைக்கும் உள்பையின்) பக்கத்து இடத்தைக் குத்தும்.

கீழக்கரை

தங்கச்சிமடம் காக்கா (அண்ணன்) சொன்ன கழுத்து விஷயத்தோடு இன்னொன்று. நம் பக்கம் ஏழு பேர் ஆட்டம்தான் அதிகம். அதில் நடு ஆள் 20 மீட்டருக்கு மேல் பாஸ் விட வேண்டிய தேவையே வராது. பதினொரு பேர் ஆட்டத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் மாற்ற 40 மீட்டர் வேண்டும். 14 வயதுக்குள் பெரிய மைதானம் கண்ணுக்குப் பழகிவிட வேண்டும்.

அடுத்தது காகிதம். பிறந்த தேதியைத் தாமதமாகப் பதிந்த சான்றிதழ் என்றால் கேள்வி வரும். வயதைச் சோதிக்க மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து எலும்பு வளர்ச்சி பார்ப்பார்கள், அங்கே இரண்டு வருடம் குறைத்த கதை உடைந்துவிடும். 18 வயது ஆகாதவனை மூன்று வருடத்துக்கு மேல் ஒப்பந்தத்தில் கட்ட ஃபிஃபா விதி இடம் தராது. பெரியவர்களுக்கு ஐந்து வருடம் உச்சம். "பத்து வருஷம் நாங்க பாத்துக்கிறோம்" என்று கையெழுத்துக் கேட்டு வந்தால் வாப்பாவும் உம்மாவும் எழுந்து வந்துவிடலாம்.

ஊர் கிளப் நடத்துபவர்களுக்கும் ஒரு வார்த்தை: பையனை முறையாகப் பதிவு செய்யுங்கள். பின்னாளில் அவன் ஒப்பந்தம் இருக்கும்போதே ஒரு வெளிநாட்டு கிளப் பணம் கொடுத்து வாங்கினால், அதில் 5 சதவீதம் அவனை 12 முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வரை வருடத்துக்கு மொத்தப் பணத்தில் 0.25 சதவீதம், அதற்குமேல் 0.5 சதவீதம். பதிவில் இல்லாத கிளப்புக்கு ஒரு காசும் வராது.

மண்டபம்

காற்றை யாரும் சொல்லவில்லையே! ஆனி, ஆடியில் கச்சான் ஏறி அடிக்கும்போது உயரப் பந்து போட்டால் எங்கோ விழும். அதற்குப் பயந்து பையன்கள் நீளப் பாஸையே விட்டுவிடுகிறார்கள், அது தப்பு. எதிர்காற்றில் பந்தின் அடியைக் கிளப்பினால் அது மேலேறி நின்று செத்து விழும். ஊன்றும் காலைப் பந்துக்குப் பக்கத்திலேயே வைத்து, கணுக்காலை இறுக்கி, லேஸ் கட்டுமிடத்தால் பந்தின் நடுவில் அடியுங்கள், தாழ்வாகப் போகும். எதிரணி கோல்கீப்பர் காற்றை எதிர்த்து உதைக்கிறார் என்றால் பந்து அவர்கள் பக்கமாகவே விழும். மிட்ஃபீல்டர் நாலைந்து எட்டு முன்னே நிற்க வேண்டும். தென்கடல் பக்கம் ஆடினாலும் வடகடல் பக்கம் ஆடினாலும் டாஸ் போடுமுன் கொஞ்சம் மணலை அள்ளித் தூவிப் பாருங்கள்.

தொண்டி

அண்ணன்மார் எல்லாம் பந்தைச் சொன்னீர்கள், நான் முட்டியைச் சொல்கிறேன். மிட்ஃபீல்டர் ஒரு ஆட்டத்தில் 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுவார், அதில் நின்று திரும்பும் ஓட்டம் நிறைய. மணலில் நேராக ஓடினால் கெண்டைக்கால் வலுக்கும், திரும்பும் பழக்கம் வராது. ஓடும் திறனைச் சோதிக்கும் யோ-யோ டெஸ்டில் 20 மீட்டர் போய் 20 மீட்டர் வந்து 10 விநாடி ஓய்வு. பையன்கள் மூச்சு வாங்கி நிற்பதைவிடத் திருப்பத்தில் நேரம் விட்டு நிற்பதுதான் அதிகம். கெட்டித் தரையில் வாரம் இரண்டு நாள் இதைப் பழகட்டும், திரும்புமுன் குட்டை எட்டாக வைத்து.

திரும்பும்போது முட்டிக்குள் "டப்" என்று ஏதோ விட்டது போலிருந்து, சில மணி நேரத்தில் வீங்கினால் எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள். உள் ஜவ்வு அறுந்திருக்கலாம். ஐஸ், கட்டு, எம்.ஆர்.ஐ., எலும்பு டாக்டர், இந்த வரிசைதான். அறுவை செய்தால் மைதானத்துக்குத் திரும்ப ஒன்பது மாதமாவது வேண்டும். வீக்கம் வடிந்து நடை வந்ததும் ஆட இறங்குபவர்கள்தான் பக்கத்தில் உள்ள மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்கிறார்கள். கன்னியாகுமரிக் கரையில் இரவிபுத்தன்துறையிலிருந்து ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) வரை போன மைக்கேல் சூசைராஜுக்கு, 2020 நவம்பரில் சீசனின் முதல் ஆட்டத்திலேயே முட்டி போனது. அவ்வளவு வசதியுள்ள கிளப்பிலும் அந்த சீசன் முழுக்கப் போயிற்று.

காயம் வராமல் தடுக்கும் ஃபிஃபா 11+ வார்ம்-அப் 20 நிமிடம்தான், பந்தைத் தவிர பெரிய கருவி எதுவும் வேண்டாம். பின்தொடைக்கான நார்டிக் பயிற்சியை மட்டும் விடவே விடாதீர்கள்: முட்டி போட்டு நின்று, ஒருவர் கணுக்காலைப் பிடிக்க, உடம்பை மெல்ல முன்னே சாய்ப்பது. ஆரம்பத்தில் 3 முதல் 5 தடவை போதும். முதல் நாளே இருபது செய்தால் மூன்று நாள் படி இறங்க முடியாது.

தங்கச்சிமடம்

தம்பி சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். "எங்க பையன் டென் நம்பர், வேற இடத்துல ஆட மாட்டான்" என்று பிடிவாதம் பிடிக்கும் வீடுகள் உண்டு. டென் நம்பர் என்றால் முன்னே நின்று கோல் வாய்ப்பு உருவாக்கும் மிட்ஃபீல்டர். இத்தாலியின் பிர்லோவும் முதலில் முன்னே ஆடியவர்தான். பின்னுக்கு வந்து டிஃபென்ஸுக்கு முன்னால் நின்ற பிறகுதான் 2006 உலகக் கோப்பை அவர் காலில் வந்தது. வியாசர்பாடி தன்பால் கணேஷ் தடுக்கும் மிட்ஃபீல்டர். 2018 ஐ.எஸ்.எல். அரையிறுதியில் சென்னையின் எஃப்.சி.க்காக கோவாவுக்கு எதிராக அவரும் ஒரு கோல் போட்டார். ட்ரையல்ஸ் படிவத்தில் இடம் கேட்கும் கட்டத்தில் இரண்டு இடம் எழுதுங்கள், எந்தக் கால் என்பதையும் எழுதுங்கள். இடதுகால் என்றால் பெரிய எழுத்தில்.