ஐபிபிடி தங்கம்: ஓட்டத்தில் மட்டும் மாட்டிக்கொள்கிறேன், அண்ணன்மாரே உதவுங்க

சிங்கப்பூர்ல தேசிய சேவை முடித்த அண்ணன்மாருக்கு ஒரு கேள்வி. தெக்கோங் தீவில் அடிப்படை ராணுவப் பயிற்சி முடிந்து இப்போ யூனிட்டில் இருக்கிறேன். ஐபிபிடி, அதாவது ராணுவ உடற்தகுதித் தேர்வில், தங்கத் தரத்துக்கு 100-க்கு 85 புள்ளி வேணும். அந்த 100-ல் புஷ்-அப்புக்கு 25, சிட்-அப்புக்கு 25, மிச்சம் 50-உம் 2.4 கி.மீ. ஓட்டத்துக்குத்தான். முதல் இரண்டிலும் ஓரளவு கிடைத்துவிடுது. புஷ்-அப்ல முழுசா இறங்காததால் சிலது கணக்கில் சேராது, அது பழகினால் சரியாகும். ஓட்டம்தான் தலைவலி.

இலக்கு 10 நிமிடம். 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று, சுற்றுக்கு 1:40. முதல் சுற்று கூட்டத்தோடு 1:28-ல் போயிடுது. நாலாவதில் கால் கல்லாகி 1:55-க்கு விழுது. கடைசிச் சுற்றில் எவ்வளவு விரட்டினாலும் அது ஈடாகாது.

யோசித்திருப்பது: வாரத்தில் ஒருநாள் 400 மீ. × 6, ஒவ்வொன்றும் 1:35, நடுவே 2 நிமிட ஓய்வு. இன்னொரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 5 கி.மீ. இது போதுமா, ஓய்வைக் குறைக்கணுமா?

வாரக் கடைசியும் சிக்கல். சனிக்கிழமை புக் அவுட் ஆகி முகாமை விட்டு வெளியே வந்ததும் தேக்காவில் பிரியாணி, அப்புறம் நண்பர்களோடு ஈஸ்ட் கோஸ்ட்டில் சைக்கிள். (பிரியாணியை விடச் சொல்லாதீங்க.) ஞாயிறு இரவு முகாம் திரும்பணும். நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலையில் வைக்கலாமா? திங்கள் ரூட் மார்ச் (சுமையோடு நீண்ட நடை) இருந்தால் கெண்டைக்கால் தாங்குமா?