புதுப்பிப்பு: நாலு மணிச் சோர்வும் சத்து மாத்திரையும்

சாயங்காலம் நாலு மணியானால் கை கால் ஓய்ந்துவிடுகிறது, மல்டிவைட்டமின் மாத்திரை போட்டும் பலனில்லை என்று மூன்று மாதம் முன்பு எழுதியிருந்தேன். முதலில் ரத்தம் பாருங்கள் என்று சொன்னவர்களுக்கு நன்றி.

பாளையங்கோட்டையில் பார்த்தேன். வைட்டமின் பி12 சரியாக இருந்தது, ஹீமோகுளோபின் 9.6. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே ரத்தசோகைதான்.

"வைட்டமின்ல கலோரி கிடையாதும்மா. சாப்பிட்டதைச் சக்தியா மாத்த அது உதவும், அவ்வளவுதான். காலையில என்ன சாப்பிடுதீங்க?" என்றார் டாக்டர்.

ரெண்டு காப்பி என்றேன்.

இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதையும் முதல் வாரம் காப்பியோடு விழுங்கினேன். காப்பியும் டீயும் இரும்பைச் சரியாகச் சேரவிடாது என்று அப்புறம்தான் தெரிந்தது. இப்போது எலுமிச்சைச் சாறோடு.

சாப்பாடு அத்தை பொறுப்பு. தோலோடு கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், கைநிறையத் தேங்காய்ப்பூ போட்டு உளுந்தஞ்சோறு. குக்கரைத் திறந்தால் தெருவரை மணக்கும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். "ஏளா, இன்னொரு வாய் வச்சுக்கோ" என்று பக்கத்திலேயே நிற்பார். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, கிடைத்தால் சாளை மீன்.

போன வாரம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 11.8. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை.

இரும்பு மாத்திரையே வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்கு வேண்டியிருந்தது, சாப்பாட்டால் மட்டும் இவ்வளவு சீக்கிரம் ஏறியிருக்காது. சைவக்காரர்கள் பி12 கட்டாயம் பாருங்கள், கீரையில் அது கிடையாது. எனக்கு உடம்பில் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் மாத்திரை இருக்கிறது.