ரயில் பாஸ் வாங்கியவர்கள் உங்கள் கதையையும் சொல்லுங்கள்

ஈசூன்வாசி

2019 நவம்பரில், பள்ளி விடுமுறை விட்டதும் ஜப்பானுக்குப் போனோம். ஜப்பான் முழுவதும் ஜேஆர் ரயில்களில் போகவர உதவும் ஏழு நாள் ஜேஆர் பாஸ் அப்போது 29,650 யென். பெரியவளுக்கு ஒன்பது வயது, அதனால் பாதி விலை. சின்னவனுக்கு ஐந்து, காசே இல்லை. நான்கு பேருக்கும் சேர்த்து 74,125 யென். தோக்கியோவிலிருந்து கியோத்தோ, ஹிரோஷிமா என்று போய்த் திரும்பியதிலேயே போட்ட காசு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஜப்பான் என்றால் பாஸ் என்று எங்கள் வீட்டில் சட்டமே ஆகிவிட்டது.

2024 ஜூன் விடுமுறைக்கு மறுபடி கிளம்பினோம். "முதல்ல பாஸைப் போட்டுடு, மத்தது அப்புறம்" என்றார் வீட்டுக்காரர். எதற்கும் இருக்கட்டும் என்று விலையைப் பார்த்தேன். 2023 அக்டோபரிலேயே அதே பாஸ் 50,000 யென் ஆகியிருக்கிறது! பெரியவளுக்கு இப்போது 14, முழுக் கட்டணம். சின்னவனுக்கு 10, பாதி. ஆக மூன்றரை பாஸ், 175,000 யென்.

கோப்பி ஆறிப்போனது. சின்னவனின் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். தோக்கியோ–கியோத்தோ ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒரு வழிக்கு ஏறக்குறைய 14,000. போய்வர 28,000. ஹிரோஷிமா வரை போய்த் திரும்பினாலும் 40,000ஐத் தொடவில்லை. பழைய விலை கியோத்தோ போய்வரும் காசுக்குச் சற்றுத்தான் கூட; அதனால்தான் அப்போது எல்லாரும் யோசிக்காமல் வாங்கினோம். இப்போது அப்படி வாங்கினால் நஷ்டம்தான்.

கடைசியில், தோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து திரும்புவதுபோல் விமானச்சீட்டை மாற்றினோம். கியோத்தோவுக்குத் தனி டிக்கெட். பிறகு ஒசாகாவில் தங்கி, ஒசாகா சுற்றுவட்டாரத்துக்கு மட்டுமான ஐந்து நாள் கன்சாய் வைட் பாஸ், 12,000 யென். அதிலேயே ஹிமெஜி கோட்டை, ஒக்கயாமா, கினோசாக்கி வெந்நீர் ஊற்று எல்லாம் முடிந்தது. எல்லாருக்கும் சேர்த்து 91,000 யென்தான். தனி டிக்கெட் எடுத்ததில் இன்னொரு லாபம், ஷின்கான்சென்களிலேயே அதிவேகமான நோசோமியில் போகலாம். ஜேஆர் பாஸ் வைத்திருப்பவர்கள் அதில் ஏற மேற்கொண்டு காசு கட்ட வேண்டும்.

ஒரே ஒரு முறை உயிர் போய் வந்தது. ஹிமெஜியில் சின்னவன் பாஸை நுழைவாயிலில் போட்டான், கதவு திறந்தது, ஓடிவிட்டான். பாஸ் அந்தப் பக்கம் நாக்கை நீட்டியதுபோல் நிற்கிறது! பின்னால் வந்த ஒரு பாட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்து, குனிந்து, இரண்டு கையாலும் கொடுத்தார். தொலைந்தால் வேறு தரமாட்டார்கள். அதன்பிறகு எல்லாருடைய பாஸும் என் கைப்பையில்தான்.

தெம்பனிஸ் தம்பி

அக்கா, விலை ஒரு பக்கம் இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் என்ன முத்திரை என்பதையும் பாருங்கள். என் மச்சான் ஒசாகாவில் வேலை பார்க்கிறார். விடுமுறைக்கு இங்கே வந்தவர் எங்களோடு சேர்ந்து ஜப்பானுக்குத் திரும்பினார். சிங்கப்பூர் பாஸ்போர்ட்தானே என்று அவருக்கும் சேர்த்து ஜேஆர் பாஸ் வாங்கிவிட்டேன். வாங்கிய சீட்டை ஜப்பானில் பாஸாக மாற்றித் தரும் இடத்தில் அந்தப் பெண் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே திருப்பிக் கொடுத்துவிட்டார். குறுகியகாலப் பயணி என்ற முத்திரை இருந்தால்தான் பாஸாம், வேலை விசாவில் இருப்பவருக்குக் கிடையாது. வாங்கிய முகவரிடம் திருப்பிக் கொடுத்தபோது கொஞ்சம் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தந்தார். விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். சரி, நானும் படித்திருக்கலாம்.

மச்சான் தனி டிக்கெட் எடுத்து நோசோமியில் போய் எங்களுக்கு முன்னாலேயே இறங்கி, சாப்பிட்டும் முடித்திருந்தார்.

மலைப்பிரியை

சுவிட்சர்லாந்து போகிறவர்களுக்கும் இதே தலைவலிதான். சுவிஸ் டிராவல் பாஸா, டிக்கெட்டைப் பாதி விலைக்குத் தரும் பாதிக் கட்டண அட்டையா? பாஸ் இருந்தால் ரயில், பேருந்து, படகு எல்லாம் போகலாம், ரிகி மலைக்கும் தனிக் காசு வேண்டாம். ஆனால் பனிமலை உயரத்தில் இருக்கும் யுங்ஃபிராவ்யோஹ் ரயில் நிலையம் என்றால், கீழே உள்ள கிரிண்டல்வால்ட் ஊர் வரைதான் பாஸ். அதற்கு மேலே வெறும் 25 சதவீதத் தள்ளுபடி. பாதிக் கட்டண அட்டைக்கு உச்சி வரைக்கும் பாதி. நாங்கள் 2023இல் போனபோது அட்டை 120 பிராங்க், ஒரு மாதம் செல்லும். இண்டர்லாக்கனிலேயே ஒரு வாரம் தங்கி மலை மலையாக ஏறியதால் எங்களுக்கு அட்டைதான் சரியாக வந்தது. தினமும் ஓர் ஊர் என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறவர் என்றால் பாஸை வாங்குங்கள்.

ஜூரோங் மருமகள்

எல்லாரும் வெளிநாட்டுக் கதையாகச் சொல்கிறீர்கள். திருச்சியிலிருந்து மாமியார் இங்கே சிங்கப்பூருக்கு வந்தபோது நான் செய்த கூத்தைக் கேளுங்கள். சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதுமே மூன்று நாள் சுற்றுப்பயணி பாஸ், 29 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). "அத்தை, இதை வச்சுக்கிட்டு எம்ஆர்டி, பஸ் எதுல வேணாலும் போகலாம்" என்று பெருமையாக நீட்டினேன். முதல் நாள் தேக்கா, வீரமாகாளியம்மன் கோயில். இரண்டாம் நாள் முட்டிவலி. மூன்றாம் நாள் செந்தோசா, அங்கே தீவுக்குள் போகும் ரயிலுக்கு இந்தப் பாஸ் செல்லாது, தனியாக 4 வெள்ளி. வங்கி அட்டையைத் தட்டிவிட்டே போயிருந்தால் மூன்று நாளுக்கும் பத்து வெள்ளி தாண்டியிருக்காது.

அத்தைக்கு அதெல்லாம் தெரியாது. அட்டையைப் பத்திரமாக ஊருக்குக் கொண்டுபோய், மருமகள் வாங்கித் தந்தது என்று தெருவெல்லாம் காட்டியிருக்கிறார்.

ஈசூன்வாசி

மலைப்பிரியை, அந்தச் சுவிஸ் அட்டையில் பிள்ளைகளுக்கு எப்படி? அடுத்த முறை அங்கேதான் என்று இங்கே இரண்டும் அடம்பிடிக்கின்றன.

மலைப்பிரியை

பிள்ளைகளுக்கு 16 வயது நிரம்பாவிட்டால் சுவிஸ் ஃபேமிலி கார்டு என்ற குடும்பப் பயண அட்டையைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசில்லை. அம்மாவோ அப்பாவோ கூட வந்தால் பிள்ளைகள் இலவசமாகப் போகலாம். பெரியவளுக்கு 16 ஆவதற்குள் கிளம்பிவிடுங்கள்.