ஏற்காட்டில் தட்டையாக இருக்கும் வாழ்த்து அட்டை சேலத்துக்கு வந்ததும் வளைகிறது, என்ன செய்வது?

மலைமேல்_மை:
வணக்கம். ஏற்காட்டில் இருந்து எழுதுகிறேன். புத்தாண்டு, பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கையால் செய்து சேலத்தில் ஒரு பரிசுப்பொருள் கடையில் விற்கக் கொடுக்கிறேன். 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தடித்த வாட்டர்கலர் தாளை 5×7 அங்குல அட்டையாக மடித்து, முன்பக்கம் ஜெஸ்ஸோ (பெயிண்டுக்கு முன் பூசும் வெள்ளை அடிப்பூச்சு) ஒரு கோட்டிங், மேலே அக்ரிலிக். அதன்மேல் வெண்பட்டு வேட்டியின் ஜரிகைக் கரையில் ஒரு துண்டும், காய வைத்த சில்வர் ஓக் இலையும் ஒட்டுவேன். இலையைத் திருப்பித்தான் ஒட்டுவது. அடிப்பக்கம்தானே அதற்கு அழகு.

வீட்டில் இருக்கும்வரை அட்டை தட்டையாகத்தான் இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிக் கடைக்குப் போய் மறுநாள் பார்த்தால் பொரித்த அப்பளம் மாதிரி வளைந்து நிற்கிறது. அடுக்கி வைத்ததில் சில அட்டைகள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் பெயிண்ட் பிய்ந்து வருகிறது. இது போதாதென்று சில இலைகளில் வெள்ளையாகப் பூஞ்சை. கடைக்காரர் “பசையை மாத்துங்கம்மா” என்கிறார். மாற்றிப் பார்த்துவிட்டேன், அதே கதைதான். ஐப்பசியில் இருந்தே மேலே மூட்டமும் மழையும், துவைத்த துணிகூடக் காய மாட்டேன் என்கிறது. பொங்கல் ஆர்டர் தலைக்கு மேல் நிற்கிறது. யாராவது வழி சொல்லுங்கள்.

கத்தரியும்_காகிதமும்:
பசைதான் காரணம். தண்ணீர்ப் பசை எதுவாக இருந்தாலும் தாள் ஊறும், காயும்போது இழுக்கும். டபுள் சைடு டேப்புக்கு மாறுங்கள், வேலை முடிந்தது.

செவ்வாய்பேட்டை_பைண்டிங்:
கொஞ்சம் பொறுங்கள். அம்மா, ஒன்று சொல்லுங்கள். அட்டை எந்தப் பக்கம் வளைகிறது? படம் குழிவுக்குள் போகிறதா, இல்லை மேடாக வெளியே துருத்துகிறதா?

மலைமேல்_மை:
மேடாகத்தான் அண்ணா. ஓரங்கள் எல்லாம் பின்பக்கம் திரும்புகின்றன.

செவ்வாய்பேட்டை_பைண்டிங்:
அப்படியென்றால் பசையைத் திட்டிப் பயனில்லை. பசை காய்ந்து இழுத்திருந்தால் ஒட்டின பக்கம் குழியும், அதுவும் உங்கள் வீட்டிலேயே தெரிந்திருக்கும். இங்கே நடப்பது வேறு. மலை ஈரக்காற்றில் தாள் ஈரத்தைக் குடித்து விரிந்து நிற்கிறது. விரிந்த நிலையிலேயே நீங்கள் முன்பக்கம் ஜெஸ்ஸோவும் அக்ரிலிக்கும் பூசிவிடுகிறீர்கள். சேலத்துக் காற்று அவ்வளவு ஈரமில்லை, இங்கே வந்ததும் தாள் ஈரத்தை விட்டுச் சுருங்குகிறது. பெயிண்ட் படலம் அந்த அளவுக்குச் சுருங்காது. சுருங்குகிற தாள் உள்ளே, சுருங்காத பெயிண்ட் வெளியே, அதனால் அட்டை பின்பக்கமாக வளைகிறது. பைண்டிங்கில் அட்டைக்கு ஒரு பக்கம் காலிகோ துணி ஒட்டினால் உள்பக்கம் தாள் ஒட்டாமல் விடமாட்டோம். அதே கணக்குதான்.

இரண்டு வேலை செய்யுங்கள். பூசும் முன் தாளைக் காய வையுங்கள். மலை வீடுகளில் துணி அலமாரிக்குள் ஜீரோ வாட் பல்பு எரியவிடுவார்களே, அந்த அலமாரியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும், பல்பில் தாள் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம், முன்பக்கம் என்ன பூசினாலும் அதன் பின்பக்கமும் மெல்லிசாக ஒரு கை ஜெஸ்ஸோ.

தாளில் நார் எந்த வாக்கில் ஓடுகிறது என்றும் பாருங்கள். தாளை நீளவாக்கில் ஒரு தடவை, அகலவாக்கில் ஒரு தடவை லேசாக வளைத்தால், ஒரு வாக்கில் சுலபமாக வளையும். மடிப்பும் அதே வாக்கில் விழ வேண்டும். எதிர்வாக்கில் மடித்தால் முதுகு வெடித்து நார் தெரியும், பெயிண்ட் பூசிய அட்டையில் அது இன்னும் அசிங்கம். மடிக்கும் முன் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு அழுத்தி இழுத்துக்கொள்ளுங்கள்.

கத்தரியும்_காகிதமும்:
அண்ணா சொல்வது சரி. ஆனால் உள்பக்கம் ஜெஸ்ஸோ பூசினால் அதில் யார் எழுதுவது? ஜெல் பேனா வழுக்கும். என் வழி வேறு. படத்தைத் தனித் தாளில் செய்து, காய்ந்ததும் அளவுக்கு வெட்டி, வெற்று அட்டையின் முகப்பில் டேப் போட்டு ஒட்டிவிடுவேன். மடிகிற அட்டையில் ஒரு சொட்டு ஈரம் படாது. படம் கெட்டாலும் அட்டை மிச்சம்.

செவ்வாய்பேட்டை_பைண்டிங்:
அது நல்ல யோசனை. தனித் தாளின் முதுகில் ஜெஸ்ஸோ பூசினாலும் வெளியே தெரியாது.

டிராயிங்_மிஸ்:
ஒட்டிக்கொள்வதைப் பற்றி நான் சொல்கிறேன். அக்ரிலிக் தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே முழுக்க இறுக நாளாகும், ஈரக்காற்றில் இன்னும் அதிகம். முழுக்கக் காய்ந்த பிறகும் அது பிளாஸ்டிக் படலம்தான். சூடும் பாரமும் சேர்ந்தால் இளகி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். பஸ்ஸில் மூட்டையாகக் கட்டி எடுத்து வந்தால் இரண்டும் கிடைத்துவிடுகிறது! கிளாஸ் வார்னிஷைவிட மேட் வார்னிஷ் ஒட்டுவது குறைவு. அட்டைகளுக்கு நடுவே கேக் தட்டில் விரிக்கும் பேக்கிங் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் மட்டும் வேண்டாம், அதுவும் ஒட்டிக்கொள்ளும், எழுத்தும் இறங்கும். ஏற்கெனவே ஒட்டிப்போனவற்றை ஜிப் கவரில் போட்டுக் கொஞ்ச நேரம் ஃப்ரீசரில் வைத்துப் பாருங்கள். குளிரில் அக்ரிலிக் விறைக்கும், மெதுவாக நெம்பினால் பிரிய வாய்ப்பு உண்டு. எல்லாமே தப்பிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

பூஞ்சைக்குக் காரணம் இலையில் மிச்சமிருக்கும் ஈரம். சில்வர் ஓக் இலை மெல்லிசு என்று நினைப்போம், ஆனால் நடு நரம்பு சீக்கிரம் காயாது. செய்தித்தாளுக்கு இடையில் வைத்துத் தாளைத் தினமும் மாற்றுங்கள். கடைசியில் இரண்டு தாளுக்கு நடுவே வைத்து, நீராவி இல்லாமல் இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் ஒரு தடவை ஓட்டுங்கள். காம்பை ஒடித்தால் ‘டக்’கென்று முறிய வேண்டும். வளைந்தால் அந்த இலை இன்னும் தயாராகவில்லை.

அம்மாபேட்டை_வாசி:
ஜவ்வரிசி ஊரில் இருந்துகொண்டு பசைக்கு ஏன் அலைகிறீர்கள்? மரவள்ளி மாவில் காய்ச்சினால் கண்ணாடியாக வரும், துணியை நகர்த்தி நகர்த்தி ஒட்டலாம். இன்னொன்று, ஜரிகையைப் பார்த்து வாங்குங்கள். இப்போது கிடைப்பதில் நிறைய செம்புக் கம்பி ஜரிகைதான், ஈரம் பட்டால் கறுத்துவிடும். பிளாஸ்டிக் ஜரிகைக்கு அந்தத் தொல்லை இல்லை, பளபளப்புதான் கொஞ்சம் மட்டு.

செவ்வாய்பேட்டை_பைண்டிங்:
மாவுப் பசை நல்லதுதான். ஆனால் அதில் தண்ணீர் அதிகம், அந்த மழைக்குக் காயாது. தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சிக்கும் விருந்து. பூச்சி வராமல் இருக்கப் பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பது உண்டு. அது விஷம், குழந்தைகள் கைபடும் வாழ்த்து அட்டைக்கு வேண்டவே வேண்டாம்.

மலைமேல்_மை:
எல்லோருக்கும் நன்றி. தாளை அலமாரியில் காய வைத்து, படத்தைத் தனித் தாளில் செய்து, முதுகிலும் ஜெஸ்ஸோ பூசி, டேப்பால் ஒட்டிக் கடைக்குக் கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. இன்று அவரே போட்டோ அனுப்பினார். ஓரம் மட்டும் லேசாகத் தூக்கியிருக்கிறது, விற்கிற அளவுக்குத் தட்டைதான். ஃப்ரீசரில் வைத்ததில் பாதி பிழைத்தது. மீதியை வெட்டிப் பெயர்ச் சீட்டாக்கிவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம். உள்தாளுக்குக் காபி டிகாக்‌ஷனில் பழுப்பு நிறம் ஏற்றலாம் என்றிருக்கிறேன், எஸ்டேட் ஊராயிற்றே. பரவாயில்லையா?

டிராயிங்_மிஸ்:
தாராளமாக. சர்க்கரையும் பாலும் சேராத டிகாக்‌ஷனாக இருக்கட்டும், இல்லையென்றால் எறும்பு முதலில் வாழ்த்து படிக்கும். ஏற்றியதும் மறுபடி அலமாரியில் காய வைத்துவிட்டு மடியுங்கள்.