வீடியோ கேமுக்குப் பின்னால் வரும் கூடுதல் பகுதியான விரிவாக்கத்தை வாங்கலாமா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சாம்பல்வாள்:
2024 ஜூன் 21. எல்டன் ரிங்கின் விரிவாக்கமான ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ வந்த அன்றே வாங்கிவிட்டேன். மோக் என்ற பெரிய எதிரியைக் கொன்ற ஆட்டச் சேமிப்பு கையில் இருந்தது. வாரே என்ற பாத்திரம் தரும் பதக்கத்தை வைத்துக் குறுக்கு வழியில் போய் அவனை முடித்திருந்தேன். நேராக, விரிவாக்கத்துக்கு வாசலான கூட்டின் முன்னால் போய் நின்றேன். வற்றிய கை தொங்குகிறது. தொடச் சொல்லும் குறிப்பு மட்டும் திரையில் வரவில்லை. இடம் நகர்ந்தேன், வலம் நகர்ந்தேன், ஆட்டத்தை மூடித் திறந்தேன். கை அப்படியே தொங்கியது. ரடான் என்ற இன்னொரு எதிரியும் செத்திருக்க வேண்டுமாம். ஒரு வாரம் ஆவலாகக் காத்திருந்துவிட்டு வாசலில் நின்ற அந்த இரவு இன்னும் உறுத்துகிறது.

நிலாக்குதிரை:
விட்சர் 3க்கு 2015இல் வந்த ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனை வாங்கி, முக்கியக் கதை முடிந்த களைப்பில் மாதக்கணக்கில் தொடாமல் வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் ஓவியத்துக்குள் ஐரிஸ் என்ற பெண்ணைப் பார்த்தேன். அவளுடைய ரோஜாவை வாங்கிக்கொண்டால் அவளே இல்லாமல் போய்விடுவாள். கன்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். முக்கியக் கதையின் எந்த முடிவும் என்னை அப்படி நிறுத்தியதில்லை. சாம்பல்வாள், அவசரம்தான் உங்களைக் கெடுத்தது. விரிவாக்கம் எங்கும் ஓடிவிடாது, ஆறப்போட்டு வாங்குங்கள்.

மூன்றாமவன்:
ஓடிவிடாது என்பது தனியாக ஆடுபவருக்குச் சரி. டயாப்லோ 3இல் நாங்கள் மூவர். 2014 மார்ச்சில் அதன் விரிவாக்கமான ரீப்பர் ஆஃப் சோல்ஸ் வந்ததும் இருவர் வாங்கினார்கள். பொறுத்துப் பார்க்கலாம் என்றேன் நான். அவர்கள் 70ஆம் லெவலுக்குப் போனார்கள், வாங்காத எனக்கு 60தான் உச்சம். எனக்காகக் கதையின் பழைய அங்கங்களுக்கே திரும்பி வந்து ஆடினார்கள். நான் மூச்சு வாங்க அடித்துக்கொண்டிருந்த கூட்டத்தை ஒருவன் ஒரே வீச்சில் துடைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த வாசலில் எனக்காக நின்றான். நான் வாங்கியபோது இருவரும் வேறு ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள். ஆறப்போடச் சொல்வதற்கு முன் யாருடன் ஆடுகிறார் என்று கேளுங்கள், நிலாக்குதிரை.

இரும்புத்திரி:
பிளட்போர்னின் தி ஓல்ட் ஹண்டர்ஸ். மிருகமாக உறுமிக்கொண்டிருந்த எதிரி லுட்விக், பாதி உயிரில் தன் வாளைக் கண்டதும் மனிதனாக நிமிர்ந்தான். அதற்காகவே வாங்கலாம்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நுழைவு நிபந்தனையை முதலில் பாருங்கள். ஓல்ட் ஹண்டர்ஸுக்கு விகார் அமீலியா என்ற எதிரியை வென்றிருக்க வேண்டும். இறுதிச் சண்டை முடிந்தால் பிளட்போர்ன் தானாகவே கதையின் அடுத்த சுற்றை முதலிலிருந்து தொடங்கிவிடும். அமீலியாவை மறுபடியும் வெல்ல வேண்டியிருக்கும். ஆகவே கடைசிச் சண்டைக்கு முன்பே உள்ளே போய்விடுங்கள். எர்ட்ட்ரீக்கு லெவலை மட்டும் நம்பிப் போகாதீர்கள். அந்த நிலத்தில் சிதறிக் கிடக்கும் ஸ்கேடுட்ரீ துண்டுகளைத் திரட்டினால்தான் அடி தாங்கும். இன்னொன்று, எது இலவசம் என்று பிரித்துப் பாருங்கள். 2023 செப்டம்பரில் சைபர்பங்க் 2077இன் திறன் மரத்தையே மாற்றியது 2.0 புதுப்பிப்பு. அதற்குப் பணம் கேட்கவில்லை. சில நாளில் வந்த ஃபாண்டம் லிபர்ட்டிக்குத்தான் விலை. மாற்றம் மட்டும் போதும் என்பவர் விரிவாக்கத்தை வாங்கியிருக்கத் தேவையில்லை.

மூன்றாமவன்:
நுழைவு நிபந்தனை எதுவும் என்னைத் தடுக்கவில்லை, இரும்புத்திரி. விரிவாக்கத்தில் வந்த ஐந்தாம் அங்கம் திறந்துதான் இருந்தது. அதில் வரும் வெஸ்ட்மார்ச் நகரம் வரை தனியாகப் போனேன். நண்பர்கள் பட்டியலில் இரண்டு பெயர்களும் மங்கலாக இருந்தன. திரும்பி வந்துவிட்டேன்.