3-4-2-1 மேல் பழி போடுவது சரியா? 42 புள்ளி, 15-வது இடம்: யுனைடெட்டில் ஓட்டை எங்கே?

கேள்வி (2025 ஜூன்): ஸ்ட்ரெட்ஃபோர்ட்_சிவப்பு

மான்செஸ்டர் யுனைடெட் 2024-25 பிரீமியர் லீக்கை 42 புள்ளியோடு 15-வது இடத்தில் முடித்திருக்கிறது. 11 வெற்றி, 9 டிரா, 18 தோல்வி. போட்ட கோல் 44, வாங்கியது 54. 1973-74இல் டிவிஷன் இறங்கிய பிறகு இவ்வளவு கீழே முடித்ததே கிடையாது. ஓல்ட் டிராஃபோர்டில் மட்டும் லீக்கில் 9 தோல்வி. சீசன் முழுக்க லீக்கில் அடுத்தடுத்து இரண்டு ஆட்டம் ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. இதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம்.

அக்டோபர் 28 அன்று மேனேஜர் டென் ஹாக் போனார். அவர் இடத்தில் ரூபன் அமோரிம் பொறுப்பேற்றபோது 11 ஆட்டத்தில் 15 புள்ளி. அதன் பிறகு 27 ஆட்டத்தில் 27 புள்ளி. அந்த 27இல் ஜெயித்தது ஏழு. அதிலும் மூன்று, லீக்கை விட்டே இறங்கிப்போன சவுத்தாம்ப்டன், இப்ஸ்விச், லெஸ்டர் அணிகளிடம். யூரோப்பா லீக்கில் ஒரு தோல்விகூட இல்லாமல் ஃபைனல் வரை போய், மே 21 அன்று பில்பாவோவில் டாட்டன்ஹாமிடம் 0-1.

என் கருத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அணியில் இருந்தவர்கள் நாலு பேர் டிஃபென்ஸுக்கும் விங்கர் ஆட்டத்துக்கும் வாங்கப்பட்டவர்கள். அவர்களை வைத்து 3-4-2-1 (பின்னால் மூவர், நடுவில் இருவரும் ஓரங்களில் விங் பேக் இருவரும், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் பத்தாம் நம்பர் இருவர்) ஆடியது செருப்புக்காகக் காலை வெட்டிய கதை. 4-2-3-1க்குத் திரும்பினாலே பத்து புள்ளி கூடும் என்று நினைக்கிறேன். கணக்கோடு மறுப்பவர்கள் மறுக்கலாம். இன்னொன்று, டிரான்ஸ்ஃபர் ஜன்னல் (வீரர்களை வாங்கி விற்கும் காலம்) திறந்தால் நம்மால் உண்மையில் எவ்வளவு செலவு செய்ய முடியும்?

பதில் 1: எட்டாம்_நம்பர்

ஃபார்மேஷன் எண்ணை மட்டும் பார்த்தால் தப்பான இடத்தில் வந்து நிற்போம். பின்னால் மூன்று பேர் நிற்பது பிரச்சினையே இல்லை. நடுவில் இரண்டு பேர் மட்டும் நிற்பதும், அந்த இரண்டு பேர் யார் என்பதும்தான் பிரச்சினை.

பந்து நம்மிடம் இருக்கும்போது அமோரிமின் அணி 3-2-5. இழந்ததும் 5-4-1, அல்லது மேலே போய் பிரஸ் செய்தால் (பந்தைப் பறிக்க நெருங்கிப் போனால்) 5-2-3. இந்த 5-2-3தான் ஆபத்தான வடிவம். முன்னால் மூன்று பேர் ஏறிவிட்டார்கள், பின்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள், நடுவில் ஏறக்குறைய மைதானத்தின் முழு அகலத்தையும் இருவர் பார்க்க வேண்டும். எதிரணி 4-3-3 ஆடினால் அங்கே அவர்களுக்கு மூன்று பேர். ஒருவர் எப்போதும் பிடிக்க ஆளில்லாமல் தனியாக நிற்பார்.

அதைச் சமாளிக்க ஒரு சங்கிலி வேண்டும். எதிரணி ஃபுல் பேக்கிடம் பந்து போனதும் நம் விங் பேக் பாய வேண்டும். அவர் விட்ட இடத்தை அந்தப் பக்கத்து சென்டர் பேக் நிரப்ப வேண்டும். நடுவில் தனியாக நிற்கும் மூன்றாவது ஆளை மறுபக்கத்து சென்டர் பேக் முன்னேறி வந்து பிடிக்க வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் நடந்தால்தான் பிரஸ். ஒருவர் ஒரு நொடி தயங்கினாலும் நடுவில் ஓட்டை. நம் சென்டர் பேக்குகள் பெரும்பாலும் தயங்கினார்கள், காரணம் அவர்களுக்குப் பின்னால் இருக்கும் காலி இடம். வேகத்தில் தோற்றுவிடுவோம் என்ற பயம் இருப்பவன் முன்னேறி வரமாட்டான். லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ் அப்படி வரக்கூடியவர். பிப்ரவரி 2 அன்று கிரிஸ்டல் பேலஸ் ஆட்டத்தில் அவர் முழங்கால் போனதோடு அதுவும் போனது.

டிசம்பர் 30, நியூகாசில் ஆட்டத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். நம் நடுக்களத்தில் காசமிரோ, எரிக்சன். இருவருக்கும் அப்போது 32 வயது. எதிரே டொனாலி, புருனோ கிமராயிஸ், ஜோலிங்டன். 4-வது நிமிடம் இசாக், 19-வது நிமிடம் ஜோலிங்டன், இரண்டுமே கிராஸில் தலையால் அடித்தது. கிராஸ் போட்டவரைத் தடுக்க ஆள் போய்ச் சேரவே இல்லை. 33-வது நிமிடத்தில் அமோரிம் ஸிர்க்சியை வெளியே எடுத்துவிட்டு மைனூவை இறக்கினார். ஸிர்க்சிமேல் கூட்டம் கூச்சல் போட்டது அநியாயம். அங்கே குறைந்திருந்தது மூன்றாவது மிட்ஃபீல்டர்.

முன்பு ஸ்போர்ட்டிங் கிளப்பில் அமோரிம் இதே முறையில் 2020-21, 2023-24 என்று இரண்டு லீக் பட்டம் வாங்கினாரே என்றால், போர்ச்சுகலில் பெரும்பாலான ஆட்டங்களில் பந்து அவர்களிடமேதான் இருக்கும். எதிரணி தன் பெட்டிக்கு முன்னால் கூடாரம் போட்டு உட்கார்ந்திருக்கும். ஹ்யூல்மண்ட் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கும் ஆள் நடுவில் இருந்தால் இருவரே போதும். இங்கே அட்டவணையில் கடைசியில் இருக்கும் அணிகூட ஆளுக்கு ஆள் பிரஸ் செய்கிறது.

நாலு பேர் டிஃபென்ஸுக்குப் போனாலும் நடுவில் காசமிரோ, எரிக்சன், உகார்த்தேதான் ஆடப்போகிறார்கள். டென் ஹாக் அந்த வடிவத்தில்தான் ஆடினார். 2023-24இல் 57 போட்டு 58 வாங்கினோம், எட்டாவது இடம்.

பதில் 2: இடதுகால்_கிராஸ்

நடுக்களம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் 44 கோல் ஏன் என்பதற்கு அது முழுப் பதில் ஆகாது. இந்த முறையில் அகலம் கொடுப்பவர்கள் விங் பேக் இருவர் மட்டுமே. டாலோ வலது காலர். அவரை இடப்பக்கம் போட்டால் கோட்டு ஓரம் ஓடிப்போய் இடதுகாலால் கிராஸ் போடமாட்டார். நின்று, உள்ளே திரும்பி, வலதுகாலுக்குப் பந்தை மாற்றுவார். அந்த இரண்டு நொடியில் எதிரணி பெட்டிக்குள் ஆள் சேர்த்துவிடும். அந்தப் பக்கத்து பத்தாம் நம்பர் ஏற்கெனவே அங்கேதான் நிற்கிறார் என்பதால், இருவரும் ஒரே சந்தில் முட்டிக்கொள்வார்கள். கர்னாச்சோ ஓட இடமில்லாமல் திணறியது இதனால்தான்.

நல்ல விங் பேக் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நவம்பர் 24 இப்ஸ்விச் ஆட்டத்தின் 2-வது நிமிடம் சாட்சி. அமாத் வலப்பக்கம் ஓடிப்போய்க் கொடுத்தார், ராஷ்ஃபோர்டு முடித்தார். பிப்ரவரியில் அமாத் கணுக்கால் அடிபட்டு உட்கார்ந்ததும் வலப்பக்கம் செத்துவிட்டது. லெச்சேயிலிருந்து ஜனவரி ஜன்னலில் டோர்கு வந்ததில் ஒரு லாபம், அவர் உண்மையான இடதுகாலர். இறுதி பாஸ் இன்னும் முரடாக இருக்கிறது, வயது 20தான், பொறுக்கலாம்.

ஹோய்லண்ட் லீக்கில் 4 கோல், ஸிர்க்சி 3. இருவரையும் திட்டுவதற்கு முன், ஹோய்லண்டுக்குப் பந்து எங்கே வருகிறது என்று பாருங்கள். முதுகைக் காட்டி நின்று பந்தைப் பிடித்துக் கொடுப்பது அவருக்கு வராது. டிஃபென்ஸுக்குப் பின்னால் ஓடுவதுதான் அவர் பலம். நாம் அவர் காலுக்குத்தான் பந்து கொடுத்தோம். ஆனாலும் அவரை மட்டும் நம்பி இன்னொரு சீசன் போகக்கூடாது.

பதில் 3: கார்னர்_காவலன்

செட் பீஸை (கார்னர், ஃப்ரீ கிக் மாதிரி நின்ன பந்தை) யாரும் தொடவில்லையே? டிசம்பர் 4 முதல் 26 வரை எடுத்துக்கோங்க. ஆர்சனல்கிட்ட டிம்பர், சலிபா, ரெண்டும் கார்னர். ஃபாரஸ்ட்கிட்ட மிலன்கோவிச், ரெண்டாவது நிமிஷம், கார்னர். லீக் கப்பில் டாட்டன்ஹாமின் சோன் கார்னரிலிருந்து நேரடியா கோல். போர்ன்மவுத்கிட்ட ஹுய்சன், ஃப்ரீ கிக்கில் தலையால். வுல்வ்ஸில் குன்யா, மறுபடி கார்னரிலிருந்து நேரடியா. ஒரு வாரத்துக்குள்ள ரெண்டு நேரடி கார்னர் கோல், அதுவும் ரெண்டு வேற வேற கீப்பர், பாயின்திர், ஒனானா. அப்போ கீப்பர் மட்டும் காரணம் இல்ல.

ஆறு கஜப் பெட்டிக்குள்ள நாலஞ்சு பேர் கீப்பரைச் சுத்தி நின்னு, அவர் கையை நீட்டவே விடமாட்டாங்க. பந்து கோலை நோக்கி வளைஞ்சு வரும். நாம இடத்தைக் காக்குற முறையில நின்னோம். ஓடி வர்றவனை யாரும் உடம்பால தடுக்கல. செய்ய வேண்டியது பெரிய விஷயமில்ல. கீப்பரை மறிக்கிற ஆளை மட்டும் தள்ளி வைக்க ஒரு பலசாலியை ஒதுக்கணும். கிட்டத்துக் கம்பத்துல உயரமான ஒருத்தர், அவருக்கு முன்னால ஒரு கஜத்துல இன்னொருத்தர். தூரத்துக் கம்பத்துக்கு ஓடி வர்ற ரெண்டு பேரை மட்டும் ஆளுக்கு ஆள் பிடிக்கணும். இதுக்கு ஜன்னலும் வேண்டாம், காசும் வேண்டாம், வாரத்துக்கு ரெண்டு தடவை பயிற்சி போதும்.

பதில் 4: பேரேடு

செலவுக் கேள்விக்கு வருகிறேன். பிரீமியர் லீக்கின் 2024-25 பி.எஸ்.ஆர். (கிளப்பின் நஷ்டத்துக்கு வரம்பு போடும்) விதிப்படி மூன்று வருடத்தில் மொத்தம் 105 மில்லியன் பவுண்டு வரை நஷ்டம் காட்டலாம். அகாடமி, பெண்கள் அணி, மைதானக் கட்டுமானச் செலவுகள் அதில் சேராது. வீரரை வாங்கினால் விலையை ஒப்பந்த வருடங்களில் பங்கு பிரித்து எழுதுவார்கள், அதிகபட்சம் ஐந்து வருடம். விற்றால் லாபமோ நஷ்டமோ முழுசாக அந்த வருடக் கணக்கிலேயே விழும். நம் கழுத்தைப் பிடிப்பது இந்த இரண்டாவது வரிதான்.

ஹோய்லண்ட் 2023இல் 64 மில்லியனுக்கு, ஐந்து வருட ஒப்பந்தத்தில் வந்தார். வருடத்துக்கு 12.8 மில்லியன். இரண்டு வருடம் கழித்துப் புத்தகத்தில் மிச்சம் 38.4. இன்று 30க்கு விற்றால் கையில் 30 வரும், கணக்கில் 8.4 நஷ்டம். ஆண்டனி இன்னும் மோசம். 2022இல் சுமார் 81 மில்லியன். மூன்று வருடம் கழிந்தும் 32க்குமேல் புத்தகத்தில் நிற்கிறது. அந்த விலைக்கு யாரும் வாங்கப்போவதில்லை.

அதனால்தான் எப்போதும் அகாடமிப் பையன்களின் பெயர் அடிபடுகிறது. அவர்களுக்குப் புத்தக மதிப்பு பூஜ்யம், விற்ற காசு முழுக்க லாபம். மெக்டாமினே 2024இல் ஏறக்குறைய 25 மில்லியனுக்கு நாப்போலி போனார். கணக்கில் நல்ல வியாபாரம். அங்கே அவர் லீக் பட்டமும் சீசனின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். மைனூவை இதே கணக்குக்காக விற்றால், இங்கே எல்லோரும் பேசிக்கொண்டிருக்கும் நடுக்கள ஓட்டையை நாமே பெரிதாக்குகிறோம். அதை நான் முழுக்க எதிர்க்கிறேன்.

வருமானப் பக்கம்: சாம்பியன்ஸ் லீக் இல்லை. அடிடாஸ் ஒப்பந்தத்திலும் அது இல்லாத சீசனுக்கு 10 மில்லியன் பவுண்டு வெட்டு. இதற்கு நடுவில், டென் ஹாக்குக்கு ஜூலையில் ஒப்பந்தத்தை நீட்டிவிட்டு அக்டோபரில் அனுப்பியதற்கு 10 மில்லியனுக்குமேல் நஷ்டஈடு. ஐந்து மாதம் மட்டுமே இருந்த விளையாட்டு இயக்குநர் டான் ஆஷ்வர்த்துக்கு 4 மில்லியனுக்குமேல். இதே காலத்தில்தான் கிளப் ஊழியர்களில் நூற்றுக்கணக்கானோரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மைதானத்துக்கு வெளியே நடந்த தப்புக்கு விலை கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஸ்ட்ரெட்ஃபோர்ட்_சிவப்பு

சரி, நாலு பேர் டிஃபென்ஸ் மட்டும் மருந்தில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வுல்வ்ஸிலிருந்து குன்யா 62.5 மில்லியனுக்கு வருகிறார், லீக்கில் 15 கோல் போட்டவர். அவர் பத்தாம் நம்பர் இடத்துக்கு வந்தால் கோல் பஞ்சம் பாதியாவது தீருமே? ஐரோப்பிய ஆட்டங்களும் இல்லை. 2024-25இல் எல்லாம் சேர்த்து 60 ஆட்டம். அடுத்த சீசன் அதில் மூன்றில் ஒரு பங்கு குறையும், பயிற்சிக்கு முழு வாரம் கிடைக்கும். 2016-17இல் செல்சீ இப்படித்தானே ஜெயித்தது?

எட்டாம்_நம்பர்

செல்சீ ஒப்பீடு நல்லது, ஆனால் முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டும். முந்தைய சீசன் பத்தாவது இடம், ஐரோப்பா இல்லை, காண்டே வந்தார், ஆர்சனலிடம் 0-3 வாங்கிய பிறகு மூன்று பேர் டிஃபென்ஸுக்கு மாறி, தொடர்ந்து 13 லீக் ஆட்டம் ஜெயித்து, 93 புள்ளியோடு பட்டம். வாரம் முழுக்கப் பயிற்சி கிடைத்தது உண்மை. ஆனால் நடுவில் இருந்த இருவர் காண்டேயும் மாட்டிச்சும். இடப்பக்கம் அலோன்சோ என்ற உண்மையான இடதுகாலர். சென்டர் பேக்காக ஆஸ்பிலிகுவேட்டா, ஃபுல் பேக்கின் வேகத்தோடு முன்னேறிப் பிடிக்கக்கூடியவர். நான் சொன்ன சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அங்கே இருந்தது.

குன்யா நல்ல ஆட்டக்காரர், வரட்டும். ஆனால் அவர் ஒரு பத்தாம் நம்பர் இடத்தை எடுத்துக்கொண்டால், மறுபக்கம் அமாத்தோ வேறொருவரோ நின்றால், புருனோ ஃபெர்னாண்டஸ் எங்கே? கீழே, அந்த இருவரில் ஒருவராக. லீக்கில் 8 கோல் போட்ட ஆளைக் கோலிலிருந்து நாற்பது கஜம் தள்ளி நிறுத்துகிறோம். பந்து இழந்ததும் பின்னால் ஓடிவந்து எதிரணியின் எட்டாம் நம்பரை (நடுக்களத்திலிருந்து ஏறி ஓடுபவரை) பிடிக்கும் வேலையும் அவருக்கு. அது அவர் வேலை இல்லை. அவர் பந்தைப் பார்ப்பார், தன் முதுகுக்குப் பின்னால் ஓடும் ஆளைப் பார்க்கமாட்டார். முன்வரிசைக்குக் காசு கொட்டக் கொட்ட நடுவரிசை இன்னும் மெலியும்.

அதனால் முதல் செலவு ஓடக்கூடிய ஒரு மிட்ஃபீல்டருக்கு. கிடைக்காவிட்டால் 3-5-2: ஒரு பத்தாம் நம்பரை விட்டுக்கொடுத்து, உகார்த்தே, மைனூ, அவர்களுக்கு முன்னால் புருனோ. மூன்று சென்டர் பேக் முறையில் ஆடப் பழகிய யோரோ, டி லிக்ட் உழைப்பும் வீணாகாது.

ப்ரீ சீசனில் ஸ்கோரைப் பார்க்காதீர்கள். எதிரணி கீப்பரிடமிருந்து பந்து அவர்களின் மிட்ஃபீல்டருக்கு வரும்போது, நம் சென்டர் பேக்கில் ஒருவர் தன் வரிசையை விட்டு ஏறி வந்து அவரைப் பிடிக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

கார்னர்_காவலன்

அதோட முதல் கார்னர்ல நம்ம கீப்பர் முன்னால யார் நிக்கிறாங்கன்னும் பாருங்க.